பரங்கிக்காய் வழக்கும் பாதிரிமார் தர்க்கமும்

விக்கிரமங்கலம், 1946

ஆகஸ்டு 5

திருச்சியில் பி.ஏ. தத்துவத்தில் ஒரே ஒரு தாளில் தோற்றுவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். இடைக்கால ஐரோப்பியத் தத்துவம். முதல் பாடமே ஸ்கொலாஸ்டிசிசம். சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"என்னடா, தும்முறியா?" என்றார் அப்பா.

ஆகஸ்டு 7

அப்பாவுக்கு விளக்கினேன். லத்தீனில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மடங்களிலும் மாதாகோயில்களை ஒட்டிய பள்ளிகளிலும் பாடம் சொன்ன பாதிரிமார் வளர்த்தது. வேதத்தை நம்பினால் மட்டும் போதாது, அறிவாலும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று கிளம்பினார்கள். பிறகு அரேபியர் வழியாகக் கிரேக்கர்களின் நூல்கள் வந்து சேர, வாதம் சூடுபிடித்தது.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "அப்ப பள்ளிக்கூடத்துச் சண்டைன்னு சொல்லு. அதுலயா தோத்த?"

ஆகஸ்டு 11

இங்கேயே சண்டை வந்துவிட்டது. எங்கள் கொல்லையில் அப்பா போட்ட பரங்கிக்கொடி, அடுத்த வீட்டுப் பெரியப்பாவின் கூரைமேல் ஏறிக் காய்த்திருக்கிறது. காயா அது! கன்றுக்குட்டி படுத்திருப்பது போல. பெரியப்பா அரிவாளோடு ஏணியில் ஏற, அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு ஆட்டினார்.

"வேரு என் மண்ணுல இருக்கு. எறங்குண்ணே!"

"சொமந்தது என் கூரைடா! உன் வேரா வந்து தாங்குச்சு?"

ஆகஸ்டு 12

தங்கை ஜானகி கல்யாணத்துக்குப் பெரியப்பா வரமாட்டாராம். ஆவணிக் கடைசியில் முகூர்த்தம், மாப்பிள்ளை திருமழபாடி. அவள் சாப்பிடவில்லை. "பெரியப்பா இல்லாம மணவறையில உக்கார மாட்டேன்"னுட்டா. அம்மா அப்பாவைத் திட்டுகிறாள், அப்பா கொடியைத் திட்டுகிறார். இந்த வூட்ல மனுஷன் படிக்க முடியுமா?

ஆகஸ்டு 14

காய் இன்னும் பெருக்கிறது. கூரை ஒரு பக்கமாக அமுங்குகிறது. இருவரும் தொடவில்லை.

ஆகஸ்டு 18

புத்தகத்தில் ஒரு விஷயம். அந்தப் பாதிரிமார் எதையும் நேராக மறுப்பதில்லை. எதிராளியின் கட்சியை முதலில் தாங்களே எடுத்துச் சொல்வார்கள், அதுவும் பலமாக. பிறகுதான் தங்கள் பதில்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பைத்தியக்காரத்தனமா இது? — இருக்கட்டுமே.

ஆகஸ்டு 19

ஜானகியை அழச் சொல்லி, அப்பாவையும் பெரியப்பாவையும் கொல்லைக்கு வரவழைத்தேன்.

"அப்பா, நீங்க பெரியப்பா கட்சிய பேசுங்க. அவரு சரின்னு சொல்ற வரைக்கும் உங்களுத பேசக்கூடாது."

"கூரை அண்ணனுது," என்றார் அப்பா, வேண்டாவெறுப்பாக.

"அவ்வளவுதானா? கீத்து அமுங்குனது?" என்றார் பெரியப்பா.

"கீத்து அமுங்கிப் போச்சு. கொரங்கு வந்தப்ப வெரட்டுனது அண்ணி." அப்பாவின் குரல் இறங்கியது. "நம்ம கொடி கேக்காமத்தான் ஏறுச்சு."

பெரியப்பா தலையாட்டினார். அடுத்து அவர் முறை. "வெதை போட்டது தம்பி. முதுகுவலியோட தண்ணி சொமந்தான், நானே பாத்தேன்." கொடியை அண்ணாந்து பார்த்தார். "வேரு இல்லாம காய் ஏதுடா? நீயே எடுத்துக்க."

"அதெப்படி? உன் கூரை. நீதான் எடுத்துக்கணும்."

"எடுத்துக்கங்கிறேன்ல!"

"மாட்டேங்கிறேன்ல!"

முந்தியதைவிடப் பெரிய சண்டை. ஐரோப்பாவில் இப்படி நடந்ததாகப் புத்தகத்தில் இல்லை.

ஆகஸ்டு 20

காலையில் அம்மாவும் பெரியம்மாவும் ஏணி போட்டுக் காயை இறக்கி, இரண்டாக வெட்டிக் குழம்பு வைத்துவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை வரவேற்க யார் முன்னால் நிற்பது? "நீ போண்ணே", "நீ போடா" என்று இருவரும் தள்ளிக்கொண்டதில் மாப்பிள்ளை வெயிலில் நின்றதுதான் மிச்சம். ஜானகி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்.

செப்டம்பர் 23

பரீட்சை. 'ஸ்கொலாஸ்டிசிசத்தின் பொருளையும் தோற்றத்தையும் விளக்குக.' கூடுதல் காகிதம் கேட்டு வாங்கினேன். நானா!

அக்டோபர் 17

அரியலூர் போய்ப் பேப்பர் பார்த்தேன். என் எண் இருக்கிறது.

ஓடிவந்தால் வீட்டில் அம்மா மட்டும். அப்பாவும் பெரியப்பாவும் தலைதீபாவளிக்கு ஜானகியை அழைக்கத் திருமழபாடி போயிருக்கிறார்களாம். ஒரே வண்டி. புளிசாதமும் ஒரே தூக்கில்தான் கொடுத்தனுப்பினாளாம்.

"தேறிட்டேம்மா."

"நல்லதுடா பஞ்சநாதா. கைய கழுவிட்டு வா."