காலுக்குப் போட்ட சட்டை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியமா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா? படிக்கும்போதே பதறாதே. கிடங்கில் ஏணி வழுக்கியதில் காலில் ஒரு சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான். எலும்பு நன்றாகக் கூடுகிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் தங்கும் அறைக்கே வந்து ராஜா மாதிரி படுத்திருக்கிறேன்.

கட்டுக்கு மேல் பேன்ட் ஏறவில்லை. பக்கத்துக் கட்டில் அண்ணன் சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் மட்டுமே தைப்பவர். அவர் என் பேன்ட்டின் ஒரு காலைத் தையல் பிரித்து, மேலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்துக் கொடுத்தார். காலுக்குச் சட்டை போட்டது போலிருக்கிறது, பார்த்தால் நீ சிரிப்பாய். கழிவறைக்குப் போகவும் அவர் தோள்தான். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்.

நேற்று அவர் வேலைக்குக் கிளம்பும்போதுதான் கவனித்தேன். அவருடைய நல்ல சட்டை முழுக்க ஊக்கு. கம்பெனி வாசலில் சோதனை போடுவார்கள், ஒரு பொத்தான்கூட வெளியே வராது. என் காலில் இருப்பதெல்லாம் அவர் சட்டைப் பொத்தான்கள்!

"என்னண்ணே இது?" என்றேன்.

"விடுடா, கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்" என்கிறார்.

அவருக்கு ஒரு சட்டை வாங்கி அனுப்பு. என் அளவுதான், வயிறு மட்டும் கொஞ்சம் தாராளம். கடையில் தைத்த பொத்தான் நிற்காது. எல்லாவற்றையும் நீயே ஒருமுறை இறுக்கித் தைத்துவிடு. எனக்கென்று எதுவும் வேண்டாம். அவரிடம் கொடுப்பதற்கு முன், உன் கை பட்ட அந்தச் சட்டை ஒரே ஒரு நாள் என் தலைமாட்டில் இருக்கட்டும்.

அண்ணன் படியேறி வருகிறார், நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்