அறுத்த இரண்டு கம்பிகள்

அருப்புக்கோட்டை,
ஆவணி 20

அன்பு மகள் தங்கச்செல்விக்கு,

அப்பா நல்லமுத்து எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. நீ சென்னையில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஓசூரில் டியூஷன் எடுப்பதாகப் போன வாரம்தான் அவள் சொன்னாள். கணக்கையும் கட்டடத்தையும் சேர்த்துப் படிக்க அவ்வளவு ஆசைப்பட்டவள், இனி கட்டடம் பக்கமே போகமாட்டேன் என்றாயாம்.

நம் தறிக்கூடத்துக் கூரை உன் கணக்குத் தவறி விழவில்லை, தாயி. என்னால் விழுந்தது.

செங்கலையே வில்லாக வளைத்து நீ போட்ட கூரை அது. அதற்கு ஆறு மாதம் கணக்குப் போட்டாய். முடிந்த அன்று, சுவருக்குச் சுவர் குறுக்கே ஓடிய ஆறு இரும்புக் கம்பிகளைக் காட்டி, "கூரை சுவரை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும்ப்பா. இதுகதான் இழுத்துப் பிடிக்குது. தொட்றாதீக" என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

உயரமான புதுத் தறி வந்தபோது கம்பி இடித்தது. இரண்டுதானே என்று அறுக்கச் சொன்னேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. போன ஐப்பசி மழையில் கூரை இடிந்து இறங்கியது. தறி ஓட்டிய பால்ச்சாமிக்கு வலது கால் போயிற்று.

நீ வந்து சேர்வதற்குள் கம்பிகளையெல்லாம் உருவி, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். கம்பி எங்கே என்று நீ கேட்டதற்கு, பால்ச்சாமியை வெளியே எடுக்க அறுத்தோம் என்று பொய் சொன்னேன். நான்கு நாள் இடிபாட்டில் உட்கார்ந்து கல் கல்லாக அளந்தாய். "தப்பு எங்கன்னே தெரியலயேப்பா" என்று அழுதாய். பக்கத்தில்தான் நின்றேன். ஆஸ்பத்திரியில் பால்ச்சாமி உன்னை ஏசியபோதும் நின்றேன். படித்த பிள்ளை என்று நம்பிவிட்டேன் என ஊராரிடம் நானே சொன்னேன்.

முந்தாநாள் பால்ச்சாமி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் என் காலு வந்துருக்காது மொதலாளி. அந்தப் புள்ளைய ஏசாமயாவது இருந்திருப்பேன்ல" என்றான். கட்டையை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டான்.

அம்மாவிடமும் சொன்னேன். சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் பேராசிரியரிடம் காட்டு. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. எனக்குப் பதில் போடவும் வேண்டாம். சென்னைக்குத் திரும்பிவிட்டாய் என்று அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்.

இனி நீ கட்டும் கூரைக்கு என்னைப் போன்றவன் சொந்தக்காரனாக வாய்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அ. நல்லமுத்து