‘பாத்தாச்சு’ என்று திருப்பி அனுப்பிய கார்டு

ஏப்ரல் 12, 2025 – சனி

இன்றைக்கும் தோற்றோம். காரணம் நான் இல்லை, இந்த டப்பா. எதிராளி மூலையில் திரும்பும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி நகரும்போது நான் செத்துக் கிடக்கிறேன். ஹெட்போனில் சரத் சொல்கிறான், "டேய் அறிவு, அந்த கம்ப்யூட்டர வித்துட்டு ஒரு ஆட்டுக்குட்டி வாங்குடா. அது இத விட வேகமா ஓடும்." அரியலூர்ப் பையன்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அடுத்த மாசம் போட்டி. இதை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பது?

டப்பா மேகலா அக்காவுடையது. கல்யாணம், காதுகுத்து போட்டோக்களை ஆல்பமாக டிசைன் பண்ணுகிறாள். மாமா லாரியில் போய்விடுவார். குழந்தையை வைத்துக்கொண்டு குரும்பலூரில் எங்கள் வீட்டோடு இருந்து செய்ய முடிகிற வேலை அது ஒன்றுதான். பகலில் அவளுக்கு, சாயங்காலம் எனக்கு. நான் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷம் விட்டுவிட்டு வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு.

புது ப்ராசசர் வாங்குவது நடக்காத காரியம். ஆனால் இந்தப் பழைய ப்ராசசர் பெயருக்குக் கடைசியில் ஒரு ‘கே’ இருக்கிறது. அப்படியென்றால் பூட்டுப் போடாதது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே நாமே ஏற்றிக்கொள்ளலாம். இவ்வளவு நாளாக இது தெரியாமல் இருந்திருக்கிறேன்!

ஏப்ரல் 15 – செவ்வாய்

ஏற்றினேன். ஓடுகிறது. இன்னும் ஏற்றினேன். நீலத்திரை வந்து நின்றுவிட்டது. கொஞ்சம் இறக்கினேன். ஓடுகிறது.

தூக்கமே வரவில்லை. பயம் இல்லை, சந்தோஷம்.

ஏப்ரல் 19 – சனி

பெரம்பலூரில் பழைய சாமான் கடையில் பெரிய ஃபேன் ஒன்று கிடைத்தது. ப்ராசசர் சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவி மாட்டினேன். வெயில் வேறு கொளுத்துகிறது, வோல்டேஜ் ஏற்றினால் அடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வோல்டேஜைக் குறைத்தேன். ரேமையும் விடவில்லை, அதன் வேகத்தையும் தூக்கினேன்.

சாயங்காலம் முழுக்க விளையாடியும் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. சரத் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தோம்!

அக்கா மதியமே ஆல்பம் ஏற்றும்போது கவனித்துவிட்டாள். "என்னாடா பண்ணுன இத? பறக்குது!"

"சும்மா கிளீன் பண்ணுனேன்."

"காலேஜ்ல இப்புடி ஒழுங்கா ஒரு வேல பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

ஏப்ரல் 28 – திங்கள்

கேம் ஒரு தடவை தானாக மூடிக்கொண்டது. கேமில்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

மே 5 – திங்கள்

அக்காவும் அம்மாவும் விடியற்காலையே பாடாலூர் போய்விட்டார்கள், துக்க வீடு. கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று சொன்னாள்: "சாமிதுரை அண்ணன் பஸ்ல கார்டு குடுத்து வுட்டுருக்காரு. நேத்து எடுத்த காதுகுத்து. காப்பி பண்ணிட்டு மதிய பஸ்ல திருப்பி ஏத்தி வுட்டுரு. ஒவ்வொண்ணா தொறந்து பாரு. பாத்துட்டு அவருக்கு அனுப்பு."

இதுதான் அவர்கள் வழக்கம். சாமிதுரை அண்ணன் அரியலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். போட்டோ எடுத்த கேமரா மெமரி கார்டைக் கவரில் போட்டு பெரம்பலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார். பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி, காப்பி பண்ணி, அதே பஸ் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். எல்லாப் போட்டோவையும் பெரிசாகத் திறந்து பார்த்த பிறகு அக்கா அவருக்கு ஒரே வார்த்தை அனுப்புவாள்: ‘பாத்தாச்சு’. அது வந்தால்தான் அவர் கார்டை அழித்துவிட்டு அடுத்த விசேஷத்துக்கு எடுத்துப்போவார்.

காப்பி சடசடவென்று முடிந்தது. அந்தக் காப்பியிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு காப்பி. ஃபோல்டரைத் திறந்தேன், சின்னச் சின்னப் படமாக வரிசையாக எல்லாம் இருந்தது. மொட்டைக் குழந்தை, சந்தனம், மாலை. இதில் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? சரத் வேறு போன் மேல் போன். ‘பாத்தாச்சு’ என்று அனுப்பிவிட்டு, பைக்கை முறுக்கி, கண்டக்டர் கையில் கார்டைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தகுதிச் சுற்று. ஜெயித்தோம். சரத்தே சொன்னான், "ஆட்டுக்குட்டி சிறுத்தையாயிட்டுடா."

மே 9 – வெள்ளி

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அக்கா குரல்.

"டேய் அறிவு. இங்க வா."

கத்தவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

திரையில் ஒரு போட்டோ. மேல் பகுதியில் பந்தல், தோரணம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, சாம்பல் நிறம். அடுத்ததைத் திறந்தாள். பாதி முகம், மீதி ரோஸ் கலரில் கோடு கோடாக. அடுத்தது. அடுத்தது. நடுநடுவே நல்ல படங்களும் இருக்கின்றன – பந்தி, கோயில் வாசல், சீர்த்தட்டு. ஆனால் தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்துகிற வரிசை மொத்தமும் போய்விட்டது. ஒன்று மிச்சமில்லை. ஹார்ட் டிஸ்க்கிலும் அதே.

"தொறந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"தொறந்து பாத்தியாடா?"

"...சின்னதா பாத்தேன்."

அவள் மறுபடி அடுத்ததைத் திறந்தாள். நான் ஏன் ஒண்ணக்கூட தொறந்து பாக்கல? ஒண்ணே ஒண்ணு. மடியில உக்காந்துருக்குற அந்த ஒண்ணு. தொறந்துருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல, கார்டு அப்ப என் கைலதானே இருந்துச்சு.

மே 10 – சனி

கார்டில் அடுத்த கல்யாணமே எடுத்தாகிவிட்டது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு மாப்பிள்ளைதான் வருகிறார்.

ரேமைச் சோதித்தேன். தப்பு தப்பாக வந்துகொண்டே இருக்கிறது. சிவப்பு வரி மேல் சிவப்பு வரி. நான் ஏற்றிய வேகம்தான்; காப்பி ஆகிற படம் எல்லாம் ரேம் வழியாகத்தான் போகிறது. கேம் நன்றாக ஓடியதே என்றால், கேமில் ஒரு புள்ளி தப்பாக விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த கணமே புதுப் படம் வந்துவிடும். போட்டோவில் தப்பு விழுந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விட்டுவிட்டு வந்த படிப்பே இதுதானே.

எல்லாவற்றையும் பழைய வேகத்துக்கு இறக்கினேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளீன் பண்ணுனேன்னு சொன்னியேடா."

மே 16 – வெள்ளி

காதுகுத்து வீட்டில் தானே பேசிக்கொள்வதாகச் சாமிதுரை அண்ணன் சொன்னார். அக்கா கேட்கவில்லை. "எங்க தப்பு. நாங்க போறோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அரியலூரில் இறங்கி, ஏலாக்குறிச்சி பஸ் மாறி, அதற்கு முன்னாலேயே ஒரு ஊரில் இறங்கினோம்.

குழந்தையின் அம்மா பெயர் ஜோதி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். அதனால் அண்ணன் முருகையன் பேச்சை விட்டுவிட்டார். குழந்தை பிறந்ததற்குக்கூட வரவில்லை. இப்போதுதான் குவைத்திலிருந்து லீவில் வந்தவர், யாரும் எதிர்பார்க்காமல் சீர்த்தட்டோடு வந்து மடியை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே திருச்சியில் பிளேன் ஏறிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டே ஜோதி அக்கா சொன்னது. நாங்கள் ஆல்பம் விஷயமாக வந்திருக்கிறோம் என்று நினைத்து சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சொல்கிறேன் என்று பஸ்ஸில் அக்காவிடம் சொல்லியிருந்தேன். வாய் வரவில்லை. அக்காதான் சொன்னாள்.

ஜோதி அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "வேற போட்டோ இருக்கும்ல?" என்றார். இல்லை என்றதும், "மறுபடி எடுத்துக்கலாம்னு சொல்ல வந்தீங்களா? குத்துன காத மறுபடி குத்தவா? எறக்குன முடிய மறுபடி எறக்கவா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கண்ணன் வந்தாரு. நாளைக்கு இவ வளந்து, மாமா வந்துச்சா வரலையான்னு கேட்டா, நான் என்னத்த தம்பி காட்டுறது?"

குழந்தை என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கியது. காதில் சின்னத் தோடு. பேனாவை அதனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 25 – ஞாயிறு

சொந்தக்காரர்களிடம் போனில் இருக்கும் போட்டோவாவது கிடைக்குமா என்று பைக்கில் சுற்றுகிறேன். பந்தல் இருக்கிறது, பந்தி இருக்கிறது, செல்ஃபி எக்கச்சக்கம். காது குத்தும் நேரத்தில் எடுத்தது ஒருவரிடமும் இல்லை. ஒரு பெரியவர் விளக்கிச் சொன்னார்: "போட்டோக்காரரு சத்தம் போட்டாருப்பா. எல்லாரும் போன எறக்குங்க, மறைக்குது, நான் நல்லா எடுத்துத் தரேன்னாரு. எறக்கிட்டோம்."

ஒரு போட்டோவில் காது குத்துகிற ஆசாரியின் முதுகு. அதற்குப் பின்னால் ஒரு கை, வாட்ச் கட்டிய கை. அதுதான் முருகையன்.

போட்டி நேற்று நடந்தது. போகவில்லை. சரத் கேட்டான். கம்ப்யூட்டர் சரியில்லை என்றேன். அதுவும் பொய்தான். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 3 – செவ்வாய்

சாமிதுரை அண்ணன் வீட்டுக்கே வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேகலா, ஒன் கை வேலய நான் வுட மாட்டேன்மா. ஆனா கார்ட இனிமே பஸ்ல அனுப்ப எனக்கு மனசு வரல. ஸ்டுடியோவுல ஒரு கம்ப்யூட்டர் போடுறேன். வந்து உக்காந்து பண்ணு. என் கண்ணு முன்னாடி நடக்கட்டும்."

அக்கா குழந்தையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "வரேண்ணே" என்றாள்.

அவர் செருப்பு மாட்டும்போது என்னிடம், "என்னா தம்பி, படிப்ப முடிக்கலாம்ல?" என்றார். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

ஜூன் 11 – புதன்

அக்கா போக ஆரம்பித்துவிட்டாள். கார்டு வந்த பஸ்ஸில் இப்போது அக்கா போகிறாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. நான்தான் பிரித்து எடுக்கிறேன்.

பகலெல்லாம் அந்த உடைந்த படங்களையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். இன்று ஒன்று உறைத்தது. உடைந்த படங்கள் சின்னதாகப் பார்க்கும்போது மட்டும் எப்படி நன்றாக இருக்கின்றன? ஒவ்வொரு போட்டோவுக்குள்ளும் கேமரா அதே படத்தைக் குட்டியாக ஒன்று தனியே வைத்துவிடுகிறது. அது ஃபைலில் தொடக்கத்திலேயே இருக்கிறது. பெரிய படம் உடைந்தாலும் குட்டி தப்பித்திருக்கிறது. அன்றைக்கு என்னை ஏமாற்றியது அதுதான்.

இல்லை. அது ஏமாற்றவில்லை. நான்தான்.

மடியில் குழந்தை இருக்கிற ஒன்றைப் பிரித்து எடுத்தேன். ஆசாரி குனிந்திருக்கிறார், முருகையன் மடியில் குழந்தை, பக்கத்தில் ஜோதி அக்கா நிற்கிறார். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் போய்விடுகிறது. இருக்கிற அளவில்தான் பார்க்க முடியும். தீப்பெட்டி மேலே இருக்கிற படம் மாதிரி.

அக்கா வந்ததும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு அனுப்பு" என்றாள். கார்டு விஷயத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள்.

ஜூன் 29 – ஞாயிறு

ஆல்பம் கொடுக்கப் போனோம். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிற கூட்டம், பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஆல்பம் என் கையில். அக்கா கொடுக்கச் சொன்னாள்.

ஜோதி அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நடுவில் அந்தப் பக்கம் வந்தது. அக்கா அதில் பூ, வளையம், எழுத்து எதுவும் போடவில்லை. பெரிய வெள்ளைப் பக்கம், நடுவில் அந்தக் குட்டிப் படம். அவ்வளவுதான்.

ஜோதி அக்கா ஆல்பத்தைத் தூக்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போனார். அங்கிருந்தே கேட்டார்: "தம்பி, இதுல எங்கண்ணன் சிரிக்கிறாரா?"

அந்த முகம் சில புள்ளிதான். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ‘சிரிக்கிறாருக்கா’ என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தைதானே.

"தெரியலக்கா."

மேகலா அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜோதி அக்கா ஆல்பத்தைத் திண்ணையில் விரித்து வைத்தார். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விரலால் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினார். அதன் மாமா முகம் அந்த விரல் நுனிக்கு அடியில் மறைந்துவிட்டது.

"சிரிச்சாரு" என்றார். எனக்கா, குழந்தைக்கா தெரியவில்லை. "நான் பக்கத்துலதான நின்னேன். சிரிச்சாரு."

ஜூன் 30 – திங்கள்

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சன்னல் பக்கம் இடம் கிடைத்தது அவளுக்கு.

கம்ப்யூட்டர் இப்போது பகல் முழுக்க என்னுடையதுதான். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.