வரிசையில் இடம் பிடித்த கல்

அன்புள்ள அண்ணே,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், டியூஷன் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்தேன். இன்று நான் செய்த முதல் வேலை அதுதான். பிள்ளைகளின் செருப்புத் தூசியும் மழைச்சேறும் ஏறி அது கறுத்துப் போயிருந்தது. தேய்க்கத் தேய்க்க, நீங்கள் கப்பலிலிருந்து கொண்டுவந்த அன்று இருந்த செம்மண் நிறம் வெளியே வந்தது. இப்போது மேசைமேல் ஈரத்தோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் பர்மாவில் தேர்தல் வருகிறது அண்ணே. வரும் ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூறில் நீங்களும் நானும் ஒன்றாகப் போய் ஓட்டுப் போட்டோமே, அதற்குப் பிறகு இருபது வருஷம் கழித்து இப்போதுதான். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று இந்த வாரம் முழுக்க உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நம் பபேடான் தெருவில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அன்று நாம் ஓட்டுப் போட்டு ஜெயித்தும் ராணுவம் ஆட்சிக்கு வரவிடாத பெரிய கட்சி இந்த முறை நிற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. சட்டமே ஒருபக்கமாக இருக்கும்போது அதற்குள் போய் என்ன செய்வது என்கிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. டீக்கடை காதர் பாயும் ஓட்டுப் போடப் போவதில்லையாம். வடையை எண்ணெயில் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ஜெயிச்ச தேர்தலையே மூட்டை கட்டி மூலையில வெச்சுட்டாங்க. இப்ப புதுசா ஒண்ணு ஜெயிச்சா அதை எங்க வெக்கிறது, இடம் இருக்கா?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மனசு கனத்தது.

மா சன்டாவை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் படித்தவள். எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தால் கல்லூரியை மூடியபோது, நம் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவள். அவள் நம் தொகுதியில் சுயேச்சையாக நிற்கிறாள். அரசாங்கத்தை எதிர்த்து ஒருத்தியாவது பேசட்டும் என்று நிற்கிறாள். போன வாரம் குடையை மடக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். ஓட்டுச்சாவடியில் அவள் சார்பில் ஓர் ஆள் உட்கார வேண்டும், கடைசிச் சீட்டை எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது, நீ உட்காருவாயா என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். எப்போதும்போல என் பெயருக்கும் ‘மா’ சேர்த்து அவள் பர்மிய மொழியில் சொன்ன பதில் இது: "பயப்படத் தெரிஞ்சவளா இருந்தா பரவாயில்லை மா சுலோ. எண்ணத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

அண்ணி அவளுக்குத் தேநீர் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை.

அவள் படியிறங்கிப் போனதும் அண்ணி என் முன்னால் வந்து நின்றார். அண்ணி குரலை உயர்த்துகிறவர் இல்லையே, உங்களுக்குத் தெரியும். மெதுவாகத்தான் சொன்னார். "உங்க அண்ணன் ஒரே ஒரு நாள் அந்த ஓட்டுச்சாவடி பெஞ்சில உட்கார்ந்தாரு. அதுக்கு நான் எத்தனை வருஷம் துறைமுகத்துல நின்னு கையாட்டினேன், உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாமல் இருக்குமா? தொண்ணூறில் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டுச் சீட்டு எண்ணுவதைக் கண்கொட்டாமல் பார்த்தவர் நீங்கள். அன்று சாயங்காலம் வெற்றிலைச் சிவப்போடு சிரித்துக்கொண்டு வந்தீர்கள். சில மாதங்களில் போட்டாதாங் கிடங்கில் உங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கப்பலில் ஏறினீர்கள். மீனா பிறந்த சேதி உங்களை வந்து சேர்ந்தபோது அவள் தவழத் தொடங்கியிருந்தாள். அண்ணி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எனக்கும் இழப்பதற்கு இருக்கிறது. இந்த வீடு நடப்பது என் கணக்கு டியூஷனில்தான். மா சன்டா வந்துபோன மறுநாளே வார்டு அலுவலகத்துக்காரர் என்னைத் தெருவில் பார்த்து, வகுப்பெல்லாம் நல்லா நடக்குதா என்று விசாரித்தார். இதற்கு முன் ஒரு நாளும் அவர் அதைக் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இந்தக் கல்லைக் கழுவும் யோசனை நேற்று மீனாவால் வந்தது. அவளுக்கு இது முதல் ஓட்டு. தமிழ் பேசச் சொன்னால் பாதியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுகிறாள், ஆனால் கேலி செய்ய மட்டும் தமிழ் நன்றாக வருகிறது. காலால் கல்லைத் தள்ளிக்கொண்டு, இதை அப்பா எங்கிருந்து கொண்டுவந்தார் என்று கேட்டாள். ஆப்பிரிக்காவில் ஒரு தேர்தலில் இருந்து என்றேன். "தேர்தலுக்குக் கல்லு எதுக்கு அத்தை? அடிக்கவா?" என்றாள்.

உங்கள் கதையை அவளுக்குச் சொன்னேன். இரண்டாயிரமாம் ஆண்டின் கடைசியில் உங்கள் கப்பல் பழுது பார்ப்பதற்காக கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் நின்றதை. துறைமுக வாசலில் மீன் வறுத்து விற்ற எஃபுவா அக்காவிடம் நீங்கள் தினமும் சாப்பிட்டதை. தேர்தல் நாள் விடியற்காலை பள்ளிக்கூடம் ஒன்றின் வெளியே கல்லும் செங்கல்லும் பழைய செருப்புமாக நீளமாய்க் கிடந்ததைப் பார்த்து, கால் வலிக்கிறதென்று ஒரு கல்லை ஓரமாக இழுத்துப் போட்டு அதன்மேல் நீங்கள் உட்கார்ந்ததை. எங்கிருந்தோ எஃபுவா அக்கா ஓடிவந்தார். "என் ஓட்டு மேல உட்கார்ந்திருக்கே, எழுந்திரு."

அங்கே அது வழக்கமாம். முந்தின நாளே வந்து ஆளுக்கொரு கல்லை வைத்து வரிசையில் இடம் பிடித்துவிடுவார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சின்ன வயதில் கூட்டுறவுக் கடையில் எண்ணெய்க்கும் சீனிக்கும் செங்கல் வைத்து இடம் பிடித்தவர் ஆயிற்றே நீங்கள். யாராவது நம் செங்கல்லை நகர்த்தினால் சண்டைக்குப் போவீர்களே. அப்படிப்பட்டவர் போய் ஒரு அம்மாளின் இடத்தையே கலைத்துவிட்டீர்கள். எண்ணெய்க்கு வைத்தால் புரிகிறது, அரசாங்கத்துக்கு வைத்தால் நமக்குப் புரியவில்லை பார்த்தாயா தங்கச்சி என்று சொல்வீர்கள். அப்போது உங்கள் சிரிப்பு நின்றுவிடும்.

எஃபுவா அக்கா உங்களிடம் இன்னொன்றும் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கேயும் எதிர்க்கட்சிகள் நியாயமில்லை என்று பாராளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன. அவரும் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தார். கோபப்பட்டது சரிதான், ஆனால் சபைக்குள் எழுந்து ஒரு கேள்வி கேட்கக்கூட நம் ஆள் இல்லாமல் போய்விட்டது என்றாராம். அடுத்த தேர்தலில் இதே கல்லைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தார். அவர் கட்சி தோற்றது. கல்லை வீட்டுக்கு எடுத்துவந்து மாவுப் பானை மூடிமேல் பாரமாக வைத்துக்கொண்டார். நீங்கள் பார்த்தது அதற்கும் அடுத்த தேர்தல். அதில் எதிர்க்கட்சி ஜெயித்தது. உங்கள் கப்பல் கிளம்பும்முன் அந்தக் கல்லை உங்கள் கையில் கொடுத்து, எங்களுக்கு இதன் வேலை முடிந்தது, உன் ஊரில் வரிசை வந்தால் வை என்றார்.

நீங்கள் இங்கே கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தீர்கள். வேறு எங்கே வைப்பீர்கள் பாவம், வரிசையே இல்லையே.

அந்த ஊரும் இந்த ஊரும் ஒன்றல்ல அண்ணே, எனக்குத் தெரியும். அங்கே எண்ணியதை மதித்தார்கள். இங்கே அன்று எண்ணியதை என்ன செய்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மா சன்டா ஜெயிப்பாள் என்று அவளே நம்பவில்லை. காதர் பாய் சொல்வதும் சரியாக இருக்கலாம். அப்படியிருந்தும் போன வாரத்திலிருந்து எனக்குள் ஏதோ லேசாகிக்கொண்டே வருகிறது. இது நம்பிக்கையா, இல்லை வயது ஏறஏற வரும் பிடிவாதமா?

நேற்று மாலை மொஹிங்கா மீன்குழம்புக்கு வாழைத்தண்டு வாங்கப் போன அண்ணி வெகுநேரம் கழித்து வெறும் பையோடு திரும்பி வந்தார். வார்டு அலுவலகத்தில் வாக்காளர் பட்டியல் ஒட்டியிருக்கிறார்களாம், நின்று பார்த்தாராம். "உன் பேரு இருக்கு. மீனா பேரு இருக்கு. எனக்கும் இருக்கு," என்றார். தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் சொன்னார், உங்கள் பெயரும் இருக்கிறது என்று.

நீங்கள் இறந்ததைப் பதிவு செய்து கையெழுத்துப் போட்டவள் நான்தான். யாரோ நீக்க மறந்திருக்கலாம். மறக்காமலேயே விட்டிருக்கலாம். மீனா சிரித்துவிட்டு, அப்பாவுக்கு அங்கேயிருந்து கப்பல் கிடைக்குமா என்றாள். அண்ணி சிரிக்கவில்லை. உங்கள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "அவர் பேரைச் சொல்லிக்கிட்டு எவனாவது வந்து நின்னா, அங்க யாரு இருக்கா, இல்லைன்னு சொல்ல?"

போ என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் இந்த முறை சொல்லவில்லை.

இரவெல்லாம் அந்தக் கேள்வியோடு படுத்திருந்தேன். விடிந்ததும் எழுந்து கல்லைத் தேய்த்தேன். மீதியை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மா சன்டாவுக்கு இன்னும் சொல்லவில்லை, அண்ணிக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த பெஞ்சில் நான் உட்காரப் போகிறேன். உங்கள் பெயரோடு யார் வந்தாலும் எழுந்து நின்று, இவர் என் அண்ணன், இறந்துவிட்டார் என்று சொல்வேன். கடைசிச் சீட்டை எண்ணி முடிக்கும்வரை இருப்பேன். வகுப்பு போனால், லத்தா வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். கணக்கு எங்கே போனாலும் கணக்குத்தானே.

கல்லைத் திரும்பக் கதவடியில் வைக்கவில்லை அண்ணே. துடைத்து, என் பையில் போட்டுவிட்டேன். காற்றில் கதவு அடித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கட்டும்.

நீங்கள் பிடித்துவைத்த இடத்துக்குப் பின்னால் நிற்கும்
உங்கள் தங்கச்சி
சுலோச்சனா