சூடாயிருந்த சுவர்

வால்பரைசோ, ஜூன் 12, 1994

அன்புள்ள நிபால்டோவுக்கு,

இங்கே நலம். மழை மட்டும் விடவில்லை. உன் பாலைவனத்துக்குக் கொஞ்சம் அனுப்ப வழியிருந்தால் அனுப்பியிருப்பேன். நீ வடக்கே சுரங்க வேலைக்குப் போய் இது ஐந்தாவது குளிர்காலம். கடிதங்கள்தான் வரவரச் சின்னதாகிக்கொண்டே போகின்றன.

மலைமேல் நம் வீட்டில் வேலை தொடங்கிவிட்டேன். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருக்கும் சுவரை எடுத்துவிட்டால் அடுப்படியிலிருந்தே கடல் தெரியும். தச்சர் அன்செல்மோ சுவர்ப் பலகையைப் பெயர்த்தவர் சட்டென்று பின்வாங்கினார். “அம்மா, உள்ளே இருக்கறது வயர் இல்லை, கரி.” கம்பத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கம்பி. சுற்றியிருந்த துணியெல்லாம் கருகிக் கிடந்தது. குளிருக்கு நாம் முதுகு சாய்த்து உட்காருவோமே, அதே இடம். சமையலறை அடுப்பின் சூடு என்றல்லவா நினைத்திருந்தோம்.

மின் நிறுவனத்துக்குப் போனேன். அவர்கள் வந்துதான் துண்டிக்க வேண்டும். “இணைப்பு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் வந்து கையெழுத்துப் போடணும்” என்றான் அங்கிருந்த பையன்.

“அவர் பாலைவனத்துல இருக்காரு.”

“பாலைவனத்துக்கும் பஸ் ஓடுதும்மா.”

ஓடுகிறதா, நிபால்டோ?

உன்
ஒர்டென்சியா

கலாமா, ஜூன் 25

அன்பு ஒர்டென்சியா,

கடிதம் வந்ததிலிருந்து அந்தச் சுவர்தான் நினைப்பில். இங்கே வெயில் சாய்ந்த பிறகும் பாறை வெகுநேரம் ஆறாது. சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினால் நம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். மழைச் சத்தம்கூடக் கேட்கும்.

செப்டம்பர் விடுமுறைக்கு வருகிறேன். நானே பார்த்துக்கொள்கிறேன். அதுவரை மெயினை அணைத்து வை. பேர் மாற்றுகிற பேச்செல்லாம் வேண்டாம். அந்த மலையில் என் பேர் மிச்சமிருப்பது அந்த மின்கட்டண ரசீதில் மட்டும்தான்.

உன்
நிபால்டோ

வால்பரைசோ, ஜூலை 9

அன்புள்ள நிபால்டோ,

மெயினை அணைத்துத்தான் வைத்திருந்தேன். கம்பத்திலிருந்து மெயின் வரை வருவதை யார் அணைப்பது? செவ்வாய்க்கிழமை மழையில் அது புகைந்தது. அக்கம்பக்கத்தார் மணல் வாளிகளோடு ஓடி வந்தார்கள். நம் மலையில் ஒரு வீடு தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது, உனக்குத் தெரியாததா.

புகை அடங்கியதும் கருகிய பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பையனின் மேசைமேல் வைத்தேன். “எரிஞ்சா யார் பேர்ல தம்பி எரியும்?” அவன் பலகையை முகர்ந்து பார்த்தான். எழுந்து உள்ளே போனான்.

அன்று மாலையே மிரேயா என்றொரு பொறியாளர் ஏணி வண்டியோடு வந்தாள். “இதுக்குப் பக்கத்துலயா படுத்தீங்க?” என்றாள். “தலைமாடே இங்கதான்” என்றேன். உடனே கம்பத்தில் ஏறியவரிடம் கம்பியை அறுக்கச் சொன்னாள்.

இப்போது வீட்டில் மெழுகுவத்திதான். சுவர் இல்லாத இடத்தில் பனிமூட்டம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிறது. கப்பல்களின் வெளிச்சம் கூரையில் மெல்ல நகரும்போது, கப்பல் நிற்க வீடுதான் கடலில் போவது போலிருக்கிறது. சில சமயம் கீழே படிக்கட்டில் நீ இருமுகிற சத்தம் கேட்கிறது. பயமில்லை. சுகமாகத்தான் இருக்கிறது.

புதுக் கம்பி போட்டாகிவிட்டது. திரும்ப இணைப்புத் தர, நீ வந்து கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் என் பேருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதி அனுப்ப வேண்டும். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். செப்டம்பர் வரை மட்டும் காத்திருக்க மாட்டேன்.

உன்
ஒர்டென்சியா

கலாமா, ஜூலை 24

ஒர்டென்சியா,

டிக்கெட் எடுத்தேன். பையோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். தெற்கே போகும் பஸ் வந்தது. “வர்றீங்களா இல்லையா, ஐயா?” என்று ஓட்டுநர் கேட்டார். நான் வந்து கையெழுத்திட்டால் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அங்கிருந்து நேரே நோட்டரியிடம் போனேன். நீ கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. கோபப்படாதே. செப்டம்பரில் கட்டாயம் வருகிறேன்.

நிபால்டோ

வால்பரைசோ, ஆகஸ்ட் 8

அன்புள்ள நிபால்டோ,

காகிதம் கிடைத்தது. நேற்று மாலை மிரேயாவே வந்து இணைப்புக் கொடுத்தாள். இனி மின்கட்டண ரசீது என் பேரில்தான் வரும். அவளுக்குப் பூசணி ரொட்டி பொரித்தேன். அடுப்படியில் நின்றபடி விரிகுடா முழுவதையும் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை. பையோடு உட்கார்ந்திருந்த உன்னை நினைத்து அழுகை வந்தது. எண்ணெய் காய்ந்துவிடவே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் வருவதானால் வா. வேலையோடு வேலையாக முன்கதவையும் மாற்றிவிட்டேன், உன் சாவி சேராது. வாசலில் மணி வைத்திருக்கிறேன். அழுத்து, வந்து திறக்கிறேன்.

ஒர்டென்சியா கால்வேஸ்