கிழக்கு மலையில் இன்னும் வெயில்

ஆவணி 17, வியாழன்

காலையில் சாரல். மத்தியானம் வெறித்தது. கடலைக்கு இரண்டாம் களை. கூலிக்கு ஆள் வரவில்லை. நான், வீட்டுக்காரி, மகள் பேச்சி, மூன்று பேர்தான்.

இது என் நோட்டு. இதுநாள்வரை என் கட்டைவிரல்தான் கையெழுத்துப் போட்டது. வைகாசியிலிருந்து பேச்சி சொல்லிக் கொடுத்து, இப்போது நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான். ஒரு வரி முடிவதற்குள் வெற்றிலை மென்று துப்பிவிடலாம். பரவாயில்லை. எனக்கு என்ன அவசரம்.

வீட்டுக்காரி பேர் வெள்ளையம்மாள். எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. அவள் என் பேரை வாயால் சொன்னதில்லை. நான் அவள் பேரை எழுதியே விட்டேன். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இம்புட்டு நீளமா என் பேரு என்று கேட்டாள்.

மண்ணெண்ணெய் இல்லை. எங்கேயோ சீமையில் சண்டை, இங்கே சிம்னி விளக்கு காய்கிறது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். நாங்கள் மேற்கு மலையடியில் இருக்கிறோம். வெயிலை மலை சீக்கிரம் விழுங்கிவிடும். ஆனால் பொழுது அடைந்ததாகக் கணக்கில்லை. தூரத்தில் கிழக்கு மலை உச்சியில் வெகுநேரம் மஞ்சளாக வெயில் நிற்கும். அது என் எழுத்து நேரம். அந்த வெயில் உச்சியை விட்டு இறங்கிப் போனால் வெள்ளையம்மாள் விளக்கு வைப்பாள். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மேகம் மூடிய நாளில் கொக்கு அடையத் திரும்புவதைப் பார்த்து வைப்பாள்.

இப்போது உச்சியில் கொஞ்சம்தான் இருக்கிறது. நிறுத்துகிறேன்.

ஆவணி 18, வெள்ளி

சாரல் இல்லை. காற்று. தொழுவத்துக் கூரையில் இரண்டு கீற்று பறந்துவிட்டது.

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் கூடாதவை. எழுதிப் பழகுவதற்காக:
உப்பு வெளியே கொடுக்கக் கூடாது.
மோர், ஊசி, அதுவும் கூடாது.
கூட்டக் கூடாது.
தலை சீவக் கூடாது.
கறிவேப்பிலை பறிக்கக் கூடாது. செடி தூங்குதாம்.
படுக்கக் கூடாது (எனக்குச் சொன்னது).
வீட்டுப் பெண் வாசல் தாண்டி ஊருக்குக் கிளம்பக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் பகலிலேயே கூடாது.

உப்பு வாங்க ராவுத்தர் கடைக்குப் போனேன். அவருக்கு நோன்பு. நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார். மலை மறைச்சாச்சே, கஞ்சி குடிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். மலை மறைத்தால் ஆகாதாம், பாங்கு சொல்ல வேண்டுமாம். அப்ப உமக்கும் என் பொஞ்சாதிக்கும் ஒரே சட்டம்தான் என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

பேச்சி வாக்கப்பட்ட ஊர் ஆற்றுக்குக் கிழக்கே. அங்கிருந்து வண்டி ஓட்டி வந்தவன் ஒரு சேதி சொன்னான். மாப்பிள்ளை திங்கட்கிழமை வருகிறாராம், பேச்சியைக் கூட்டிப்போக. மறுநாள் செவ்வாய் என்பதால் அன்றைக்கே திரும்ப வேண்டுமாம்.

பேச்சியிடம் சொன்னேன். சரி என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஆவணி 20, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. மனசு சரியில்லை.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். கல்யாணத்தில் பேச்சிக்கு ஒரு சிவப்புக் கிடாரி கொடுத்தோம். அது வளர்ந்து மாடாகி இரண்டு ஈத்து போட்டது. பேச்சிக்கு இன்னும் பிள்ளை இல்லை. அந்த மாட்டைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தாள். சித்திரையில் அவர்கள் கிணறு வற்றிவிட்டது. ஆழப்படுத்தப் பணம் இல்லை. மலைக்கு மாடு ஓட்டிப் போகும் வியாபாரிக்கு மாப்பிள்ளை அதைக் கன்றோடு விற்றுவிட்டார். பேச்சி சுள்ளி பொறுக்கிவிட்டு வந்தால் கட்டுத்தறி காலி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைகாசியில் இங்கே வந்துவிட்டாள். அவரும் வந்து பார்க்கவில்லை.

வந்த புதிதில் அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “பொழுது சாயுற நேரம் கை சும்மா கிடக்குது அய்யா. அவுக்க, கட்ட, ஒன்னும் இல்லை. அங்கன இருக்க முடியலை.”

இன்று கேட்டேன், போகிறாயா தாயி என்று. கூப்பிட்டா போறேன், ஆனா அவுகளோட பேச மாட்டேன் என்றாள். சண்டை போட்டால்கூட எனக்குப் பயம் இல்லை. பேசாமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது. மாப்பிள்ளையும் வாய் திறக்காத ஆள். இரண்டு ஊமையை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புவதா.

ஒரு ராத்திரி இங்கே தங்கினால் போதும். விளக்கு வைத்துவிட்டால் அவர் கூட்டிப்போக முடியாது. மறுநாள் செவ்வாய், அன்றும் முடியாது. இரண்டு நாள் ஒரு சட்டிச் சோறு தின்றால் பேச்சு வந்துவிடும்.

வெள்ளையம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன். நாளைக்கு மட்டும் விளக்கைக் கொஞ்சம் முந்தி வை.

அவள் முறைத்தாள். “விளக்கை வச்சு ஏய்க்கச் சொல்றீகளா? வேற வழி இருந்தாப் பாருங்க.”

வேறு வழி பார்க்கிறேன்.

ஆவணி 22, செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மாப்பிள்ளை உச்சிப்பொழுது சாய்ந்து வந்தார். இளைத்துவிட்டார். வண்டி மாட்டை அவிழ்க்காமல் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. செம்புத் தண்ணீர் மட்டும். சேவல் அடித்தாயிற்று என்றேன். சாப்பிட்டார், வேப்பமரத்தடியிலேயே. பிறகு அச்சுக்கு மை போட்டுத் தருகிறேன் என்றேன். போட்டேன். மெதுவாகப் போட்டேன். மாடு தவிட்டுத் தண்ணீர் குடிக்கட்டும் என்றேன். குடித்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற என் கமலைக் கயிற்றைப் பாருங்கள், புதுசு என்று இழுத்துக்கொண்டு போனேன். பார்த்தார். பேச்சி உள்ளே மூட்டையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

மலை வெயிலை விழுங்கியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பொழுது அடைஞ்சு போச்சே மாப்பிள்ளை என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

அவர் விடவில்லை. “எங்க ஊர்ல இந்நேரம் களத்துல வெயில் அடிக்குது மாமா.”

“அது உங்க ஊர்ப் பொழுது. இங்கன இருக்குறவளுக்கு இங்கத்துப் பொழுதுதான்.”

வாக்குவாதம். ஆற்றுக்குக் கிழக்கே எந்நேரம், மேற்கே எந்நேரம் என்று. பக்கத்துக் களத்தில் சோளம் தூற்றியவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெருசு சூரியனைக் கயிறு போட்டு இழுக்குது என்று ஒருத்தி சொன்னாள்.

வெள்ளையம்மாள் வெளியே வந்தாள். கண்ணுக்கு மேலே கை வைத்துக் கிழக்கு மலையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“இன்னும் வெயில் இருக்கு. கிளம்புறதுன்னா கிளம்பலாம்.”

எனக்குக் காலடியில் குழி பறித்த மாதிரி ஆனது. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள். மாப்பிள்ளை நுகத்தடியை விட்டு வண்டியில் ஏறப் போனார். அப்போதுதான் அவள் கவனித்தாள், என் அவசரத்தில் நான் பார்க்காததை: அவர் ஒரு காலை ஊன்றாமல் நடக்கிறார். கணுக்கால் இரண்டிலும் துணி சுற்றியிருக்கிறது.

“காலுக்கு என்ன மாப்பிள்ளை?”

அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். அவள் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பேச்சி வந்த பிறகு, கிணற்று வேலை முடிந்ததும் மாட்டைத் தேடிப் போயிருக்கிறார். குமுளிக்கு ஏறி, அங்கிருந்து எஸ்டேட் எஸ்டேட்டாக. நல்ல மழை. அந்த வியாபாரி யார் என்று எவனுக்கும் தெரியவில்லை. ஒரு டீக்கடை மலையாளத்துச் சேட்டன், இந்த மலையில் சிவப்பு மாடு ஆயிரம் உண்டு, நீ வீட்டுக்குப் போ என்று சொல்லிப் பால் ஊற்றாத கட்டன்சாயா கொடுத்தாராம். கால் இரண்டிலும் அட்டை கடித்துப் புண்ணாகி, நடக்க முடியாமல் ஆடி முழுக்கப் படுத்துக் கிடந்திருக்கிறார்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலை என்று வெள்ளையம்மாள் கேட்டாள்.

“என்னன்னு சொல்றது அத்தை. மாடு கிடைக்கலையே.”

வண்டி மாட்டின் கழுத்து மணி அடித்தது.

உள்ளேயிருந்து விளக்கெண்ணெய் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசல் மாடத்தில் விளக்கு எரிகிறது. பேச்சி பக்கத்தில் நிற்கிறாள். விரலில் எண்ணெய்.

“அடியே, மலையில வெயில் நிக்குதுடி” என்றாள் வெள்ளையம்மாள்.

“நிக்கட்டும்மா.” பிறகு அவரைப் பார்த்து, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு: “மாட்டை அவுத்துக் கட்டுங்க. அந்தப் புண்ணுக்கு மஞ்சப் பத்து போடணும்.”

மாப்பிள்ளை அப்படியே நின்றார். நான்தான் அவிழ்த்தேன். வெள்ளையம்மாள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அந்த விளக்கைக் கும்பிட்டாள்.

இன்று வெயில் நன்றாக அடித்தது. சாயங்காலம் இரண்டு பேரும் மேய்ந்த மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வரப்பில் இருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை. கேட்டிருந்தா நானே கயித்தைப் பிடிச்சுக் குடுத்திருப்பேன் என்று பேச்சி சொல்லிக்கொண்டு வருகிறாள். அவர் ம் ம் என்கிறார். கொஞ்ச தூரம் போய்:

“கிணத்துல தண்ணி வந்துச்சா?”

“இடுப்பளவு.”

“உப்பா, நல்லதா?”

“நல்லதுதான். நீ வந்து குடிச்சுப் பாரு.”

மாட்டுப் புழுதியில் இரண்டு பேரும் சிவப்பாகத் தெரிந்தார்கள். கிளிக்கூட்டம் ஒன்று மேற்கே மலைக்குப் போனது. நான் வரப்பிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். எதற்கு நடுவில் போய் நிற்பது.

ஆவணி 23, புதன்

விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். பனி. மேற்கு மலைக்கு இப்போதுதான் முதல் வெயில் படுகிறது.

எங்கள் தொழுவத்தில் ஒரு கிடாரி இருக்கிறது. மயிலை நிறம். வண்டிக்குப் பின்னால் கட்டி அனுப்பலாம் என்று கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தேன். பேச்சி வேண்டாம் என்றாள்.

“அவுக வித்தாக, அவுகளே வாங்கட்டும் அய்யா.”

மாப்பிள்ளை வண்டி ஓட்டும் இடத்தில் இருந்துகொண்டு, மாசி கழிந்து வெள்ளாமை வீடு வந்ததும் சந்தைக்குப் போவேன் என்றார். பிறகு அவளிடம், நீயும் வா, பார்த்து எடு என்றார்.

மாட்டுச் சந்தைக்குப் பொம்பளையா, ஊர் சிரிக்காதா என்று நான் கேட்டேன்.

“சிரிச்சுட்டுப் போறாக” என்றார் மாப்பிள்ளை.

பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

கிடாரியைத் திரும்பத் தொழுவத்தில் கட்ட வேண்டும். கயிறு என் கையில்தான் இருக்கிறது, ஒரு கையால் எழுதுகிறேன். இழுக்கிறது.