அக்கா சொல்லித்தந்த திருப்பம்

லைங் தாயா

அம்மாவுக்கு, உங்கள் சின்ன மகள் வனஜா கைகூப்பி எழுதுவது. போன் கிடைக்கவே இல்லை, அதனால்தான் கடிதம். நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இந்தப் பொங்கலுக்கு எங்கள் லைங் தாயா தமிழ்ச் சங்கமும், இதே ஊரின் தாமுவே, தின்கன்ஜூன் பேட்டைச் சங்கங்களும் சேர்ந்து ஒரே கோலாட்டம் ஆடுகிறோம். தனியாக ஆட எந்தச் சங்கத்திலும் ஆள் போதவில்லை, பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒத்திகையில் எல்லாரும் இடப்பக்கம் திரும்ப, நான் மட்டும் நம் புஷ்பலதா அக்கா சொல்லித்தந்தபடி வலப்பக்கம் திரும்பி, எதிரே ஆடியவளின் கோலில் விரலைக் கொடுத்துவிட்டேன். லேசான வீக்கம்தான், தையல் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு, இனி எல்லாரும் இடப்பக்கமே திரும்புவது என்று முடிவு செய்தார்கள். சம்மதம் கேட்டபோது நானும் கை தூக்கினேன்மா. அக்கா இறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் ஆட்டத்தை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

சுந்தர் மாமா வரும்போது கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும், அக்காவின் கோல் இரண்டையும் கொடுத்தனுப்புங்கள். மேடைக்கு இல்லை. என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வலப்பக்கம் திரும்பத்தான்.

ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடிக்கிறது. மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

வனஜா